மழையில் டிஷ் சிக்னல்: உங்கள் மாடியில் பார்த்தது என்ன? (ஒவ்வொரு பதிலின் மேலும் எழுதியவரின் பெயர்)

தாம்பரம் மாடி

ஐப்பசி மழையில் சிக்னல் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த மாடியில் நடந்தது மட்டும் இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிஷ், இரண்டும் 60 செ.மீ. ஒன்று 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் ஜிசாட்-10 சாட்டிலைட் பக்கம் திரும்பியது, இன்னொன்று 108.2 டிகிரியில் எஸ்.இ.எஸ்-7. தலைக்கு மேல் வெயில். கிழக்கே கடல் பக்கம் மட்டும் மை மாதிரி மேகம். ஒரு சொட்டு விழவில்லை, 108 போய்விட்டது. 83 அசையவே இல்லை. மழை நேராக மாடிக்கு வந்தபிறகுதான் 83-ம் போனது. மேகம் மேற்கே நகர்ந்ததும் முதலில் திரும்பி வந்தது 108.

கணக்குப் போட்டால் புரிகிறது. சென்னையிலிருந்து 83 டிகிரி சாட்டிலைட் கிட்டத்தட்ட 74 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தெற்கே தெரியும். 108.2 வெறும் 54 டிகிரி உயரம், கிழக்கு-தென்கிழக்கே. நம் பக்கம் மழைத்துளி இருக்கிற உயரம் ஏறத்தாழ 5 கி.மீ. அந்த 5 கி.மீ. ஏறுவதற்குள் 83-ன் சிக்னல் வரும் கோடு தரையளவில் ஒன்றரை கி.மீ.கூடத் தள்ளிப் போகாது; 108-ன் கோடு மூன்றரை கி.மீ. தள்ளிப் போய்விடும். அதாவது வேறு ஊரில் பெய்கிற மழை இந்த வீட்டு டிவியை நிறுத்துகிறது. "மழையே இல்லை, பக்கத்து டிஷ் ஓடுகிறது, அப்போ பாக்ஸ்தான் போச்சு" என்று வீட்டுக்காரர்கள் புது பாக்ஸ் வாங்கக் கிளம்பியிருந்தார்கள்.

தஞ்சை டெக்னீஷியன்

ஒரு துளி தண்ணீர். அதுதான் மறக்கவில்லை. மழை விட்டு மூன்று நாள், நல்ல வெயில், ஆனாலும் பாதி சேனல் இல்லை. பாக்ஸின் பின்னால் கனெக்டரைக் கழற்றியதும் கேபிள் வாயிலிருந்து ஒரு துளி டிவி ஸ்டாண்டில் சொட்டியது. டிஷ் இரண்டு மாடிக்கு மேலே. மொட்டை மாடியில் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) கனெக்டரில் ஏறிய நீர், பின்னல் கம்பிக்கும் மேலுறைக்கும் நடுவே 15 மீட்டர் இறங்கி ஹாலுக்கு வந்திருக்கிறது. கேபிள் ஒரு ஸ்ட்ரா மாதிரி வேலை செய்யும். பாக்ஸ் முனையிலேயே ஈரம் தெரிந்தால் ஒரு மீட்டர் வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டுப் பயனில்லை, கேபிளையே மாற்ற வேண்டும்.

பாதி சேனல் மட்டும் ஏன் போனது என்பதையும் சொல்கிறேன். பாக்ஸ் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பும். 13 வந்தால் செங்குத்து அலையை வாங்கும், 18 வந்தால் கிடைமட்ட அலையை. கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறி 18 வோல்ட் வழியில் 14 ஆகச் சுருங்கினால் எல்.என்.பி. கிடைமட்டத்துக்கு மாறவே மாறாது. அந்தப் பக்கத்துச் சேனல் மொத்தமும் காலி. ஆகவே மழைக்குப் பிறகு "சில சேனல் மட்டும்" வரவில்லை என்றால் டிஷ்ஷைத் தொடாதீர்கள், முதலில் கனெக்டரைப் பாருங்கள். சாதா ஈரத்தைவிட இது மோசம். கேபிளில் மின்சாரமும் ஓடுவதால் நடுக்கம்பி அரித்துக்கொண்டே வரும். இரும்புக்கு மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பி என்றால் ஒரு மழைக்காலத்திலேயே துரு.

சரியாகப் போடும் முறை இது. பின்னல் பளபளவென்று தெரிகிறவரை வெட்டுங்கள். மேலுறை 13 மி.மீ. உரித்து, பின்னலைப் பின்னால் மடக்குங்கள். ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் 6, 7 மி.மீ. உரியுங்கள். கனெக்டருக்குள் தள்ளினால் வெள்ளைப் பகுதி உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி நட்டின் வாயைத் தாண்டி 2 மி.மீ. நீட்ட வேண்டும். திருகி ஏற்றும் மாடலைவிட, கருவியால் அமுக்கும் கம்ப்ரெஷன் மாடல், உள்ளே ரப்பர் வளையம் உள்ளது, நம்பகம். கையால் இறுக்கி, பிறகு 11 நம்பர் ஸ்பேனரில் கால் திருப்பு. அதற்கு மேல் இறுக்கினால் எல்.என்.பி.யின் மரையே சுற்றும்.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் பசை உருகி வழியும், பிறகு அதுவே நீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கும். அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்வது மாதிரி, மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூட வேண்டும். அதன் மேல் வேண்டுமானால் கறுப்பு டேப், வெயில் தடுக்க. சிலிக்கான் பூசுகிறவர்கள் வினிகர் வாடை அடிப்பதைத் தவிர்க்கவும், அது செம்பை அரிக்கும். எல்.என்.பி.யை விட்டு வெளியே வந்ததும் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றிக் கட்டுங்கள். வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்கு வராது.

வேதாரண்யம் உப்பளத்தெரு

2018 நவம்பர் 16, கஜா புயல். கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டு. கரண்ட் வந்தபோது டிஷ் நின்ற இடத்தில் நின்றது. போல் (டிஷ்ஷைத் தாங்கும் குழாய்) நேர், நட்டு எதுவும் விழவில்லை. படமும் வந்தது. ஆனால் சும்மா தூறினாலே கட்டம் கட்டமாக உடைந்தது. இரண்டு மாதம் எல்லோரும் மழையைத்தான் குறை சொன்னார்கள்.

பிறகு பார்த்தது: போலுக்கும் கிளாம்புக்கும் குறுக்கே யாரோ முன்பு மார்க்கர் பேனாவால் கிழித்த கோடு. அந்தக் கோடு இரண்டாகி நின்றது. நடுவில் நகத்தால் கீறின அளவு இடைவெளி, அவ்வளவுதான்.

ஒன்றரை இன்ச் போலில் ஒரு டிகிரி என்பது 0.33 மி.மீ. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் 3 டிகிரிக்குள். ஒரு டிகிரி விலகினால் ஏறக்குறைய ஒன்றரை டெசிபெல் (சிக்னல் பலம் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு) போகும். வெயிலில் தெரியாது, மழையில் தெரியும். மணிக்கு 120 கி.மீ. காற்று 60 செ.மீ. டிஷ்ஷைத் தள்ளும் விசை 25 கிலோ அளவு. ஒரு சிமென்ட் மூட்டையில் பாதி, மணிக்கணக்காக, விட்டு விட்டு. கிளாம்ப் நழுவாமல் என்ன செய்யும்? டிஷ் வைத்ததும் கோடு போடுங்கள், போலில் ஒன்று, சாய்மான அளவுகோலில் ஒன்று. புயலுக்குப் பிறகு மீட்டரே வேண்டாம், கோடு சொல்லும்.

ஆவடி ரேடியோ

தஞ்சை அண்ணன் சொன்னதில் தவறில்லை. ஆனால் எல்லாப் பழியையும் கனெக்டர் மேல் போட்டால், ஜனங்கள் கனெக்டரை மாற்றிவிட்டு அடுத்த மழையில் மறுபடி டெக்னீஷியனைத் திட்டுவார்கள். எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் தாங்காத மழை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும்.

நம் டிடிஎச் எல்லாம் கே.யு. பேண்ட் எனும் அலைவரிசைத் தொகுதி. 12 கிகா ஹெர்ட்ஸில் அலைநீளம் இரண்டரை செ.மீ., பெருமழைத் துளி அரை செ.மீ. வரை வரும். துளி அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். மணிக்கு 25 மி.மீ. மழை என்றால் ஒரு கி.மீ.க்கு சுமார் 1 டெசிபெல் இழப்பு. 100 மி.மீ. வேகத்தில் கொட்டினால் கி.மீ.க்கு 5-க்கு மேல். மூன்று கி.மீ. அந்த மழைக்குள் வந்தால் 15 டெசிபெல் போச்சு. போதாததற்கு மழையே இரைச்சலையும் சேர்க்கிறது. நனைந்த வானம் வெப்பமான பொருள் மாதிரி டிஷ்ஷுக்குத் தெரியும். அதனால்தான் செட்டிங்கில் ஸ்ட்ரெங்த் கோடு ஓரளவு நிற்கும்போதே குவாலிட்டி தரைக்கு வந்துவிடுகிறது. ஸ்ட்ரெங்த் இரைச்சலையும் சேர்த்து எண்ணும். பார்க்க வேண்டியது குவாலிட்டியை.

"90 செ.மீ. டிஷ் போடுங்க, மழையே பிரச்சினை இல்லை" என்று விற்கிறார்களே, அதுவும் சரியல்ல. 60-லிருந்து 90-க்குப் போனால் கிடைப்பது மூன்றரை டெசிபெல். 75-க்கு என்றால் 2 கூட இல்லை. பதினைந்து போகிற இடத்தில் மூன்றரை காப்பாற்றாது. ஆனால் இருபது நிமிட இருட்டு பத்து, பன்னிரண்டாகக் குறையும்; தூறலுக்குப் போகாது. அந்த அளவுக்கு லாபம். பெரிய டிஷ்ஷுக்குப் பார்வை அகலம் குறுகும், காற்றும் இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும் என்பதால் போல், ஆங்கர் போல்ட் எல்லாம் அதற்கேற்ப வேண்டும். செங்கல் கைப்பிடிச்சுவரின் ஓரத்தில் அடித்த போல்ட்டில் 90 செ.மீ. டிஷ் தொங்கவிடாதீர்கள்.

எச்டி முதலில் போய், சாதா சேனல் நிற்கிறதா? பெரும்பாலும் அது கோளாறில்லை. அதிகத் தகவலை நெருக்கி அனுப்பும் முறைக்குச் சுத்தமான சிக்னல் கூடுதலாக வேண்டும். கேபிள் வீட்டில் மழையிலும் படம் ஓடுவதற்குக் காரணம், அவர்கள் கண்ட்ரோல் ரூமில் பெரிய சி-பேண்ட் டிஷ்களில் சேனலை வாங்குகிறார்கள், ஏழரை செ.மீ. அலைக்கு மழை பெரிய தடையில்லை.

மன்னார்குடி

எல்.என்.பி. மேல் கேரி பேக் கட்டுகிற பழக்கம் பற்றி. ஒரு மாடியில் மழை நின்றும் குவாலிட்டி ஏறவில்லை. பையை அவிழ்த்தால் உள்ளே வேர்த்து, எல்.என்.பி.யின் முன் மூடியில் முத்து முத்தாக நீர். துடைத்ததும் 40-லிருந்து 70. பை மெல்லியதாக, காய்ந்து இருந்தால் அலையைத் தடுக்காது, ஆனால் காற்றில் ஒட்டி ஈரத்தை மூடியிலேயே பிடித்து வைக்கிறது. மூடியில் வெயில் வெடிப்பு இருந்தால் பை தீர்வில்லை, எல்.என்.பி. மாற்றுங்கள். வெடிப்பு வழியே நீர் உள்ளே இறங்கியிருக்கும். இன்னொன்று, அந்த மூடியில் குளவி மண்கூடு வைக்கும். காய்ந்த மண்ணில் படம் வரும். நனைந்தால் வராது.

தஞ்சை டெக்னீஷியன்

ஆவடி சார், பெருமழையைக் கனெக்டர் தடுக்கும் என்று எங்கும் சொல்லவில்லை. மழைக்குத் தாங்க மிச்சமிருக்கும் சிக்னல், அந்தக் கையிருப்பு எவ்வளவு என்பதுதான் பேச்சு. கஜா டிஷ்ஷில் ஒன்றரை டெசிபெல், கனெக்டரில் ஒன்று, மூடியில் அழுக்கு. இப்படிச் சில்லறையாகப் போய், கடைசியில் தூறலுக்கே கை வெறும் கை. உங்கள் 90 செ.மீ. தருகிற மூன்றரையை 60-லேயே மீட்கலாம்.

வேதாரண்யம்காரருக்கு: கோட்டைச் சேர்ப்பது தொடக்கம்தான். நல்ல வெயிலில், குவாலிட்டி திரையைப் பார்க்க ஒருவரைக் கீழே நிறுத்தி, 13 நம்பர் ஸ்பேனரால் கிளாம்ப் போல்ட்டை அரைத் திருப்பு மட்டும் தளர்த்துங்கள். டிஷ் தன் எடையில் சாயக் கூடாது. கிழக்கே ஒரு நூல் தள்ளி, ஐந்து விநாடி நிறுத்துங்கள்; பாக்ஸ் எண் காட்டத் தாமதிக்கும், கை வேகமாகப் போனால் உச்சியைத் தாண்டிவிடுவீர்கள். குவாலிட்டி இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி. மேற்கே அதேபோல் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். சாய்மானத்துக்கும் இதே மாதிரி. பிறகு எல்.என்.பி.யைக் கழுத்துக் கிளாம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி உச்சம் பிடியுங்கள். நட்டுகளை ஒருபக்கமே முழுசாக இறுக்காமல் மாற்றி மாற்றி, கால் கால் திருப்பாக. ஒரே பக்கம் இறுக்கினால் டிஷ் அங்கே இழுத்துக்கொண்டு போகும், பாடுபட்டது வீண்.

93.5, 95 டிகிரிக்காரர்கள் கவனம். ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம், 60 செ.மீ. டிஷ்ஷுக்கு இரண்டும் கண்ணில் படும். ஸ்ட்ரெங்த் நிறைய, குவாலிட்டி பூஜ்யம் என்றால் பக்கத்து வீட்டுச் சாட்டிலைட்டில் நிற்கிறீர்கள்.

கடலூர் பழைய பட்டினம்

இடி. பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள், கேபிளை விட்டுவிட்டார்கள். பாக்ஸின் கனெக்டரைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி, டிவியின் எச்டிஎம்ஐ வாயும் கறுத்திருந்தது. மின்னல் நேராக விழவில்லை, பக்கத்துத் தென்னையில் விழுந்தது. போலுக்கு எர்த் கிடையாது.

வானம் கறுக்கும்போதே, இடிச் சத்தம் கேட்பதற்கு முன்பே இரண்டையும் கழற்றுங்கள், முதலில் பிளக், பிறகு கேபிள். கழற்றிய கேபிள் முனையை டிவியிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் ஆகாமல் யாரும் மாடி ஏறக் கூடாது, சீரியல் போனாலும் பரவாயில்லை.

அம்பாசமுத்திரம்

எங்கள் பக்கத்துப் புதிர் வேறு. கனெக்டர் புதிது, கோடு நகரவில்லை, தூறல்தான், ஆனாலும் போகும். மழை நின்று கால் மணி நேரம் கழித்துத்தான் வரும். காரணம் தென்னை மட்டை. காய்ந்திருக்கும்போது டிஷ்ஷின் பார்வைக்கு ஓரமாக நிற்கும். நனைந்து கனத்ததும் இரண்டடி தாழ்ந்து நேர் குறுக்கே வந்துவிடும். நீர் வடிந்தபிறகு மறுபடி எழும்பும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும், தினமும் ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் போகும். 93.5 டிகிரிக்கு மார்ச்சில் காலை 11 மணி தாண்டி. மேகமே இல்லாமல் போவதால் பலர் கோளாறு என்று நினைக்கிறார்கள். அந்த நிமிடத்தில் மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பாருங்கள். அப்போது எது டிஷ் மேல் நிழல் விழுத்துகிறதோ அதுதான் குறுக்கே நிற்பது. இங்கே வெள்ளைத் தட்டின் மேல் விளிம்பை ஒட்டி, ஓலையின் நுனி நிழல் மூன்று விரல் அகலத்துக்கு விழுந்திருந்தது. அந்த ஒரு மட்டையை மட்டும் வெட்டினார்கள்.