தங்கச்சிக்கு உயர்தரத்தில் கணிதமா, தொழில்நுட்பமா?

குளக்கட்டு:
வணக்கம் அண்ணைமார், அக்காமார். தங்கச்சிக்கு ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) முடிவு வந்துவிட்டது, கணிதம் ஏ, விஞ்ஞானம் பி. நாங்கள் துணுக்காய்ப் பக்கம், அப்பாவுக்கு வயல்தான். கிட்டவுள்ள பள்ளிக்கூடத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, கணிதப் பிரிவு என்றால் கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டில் விட்டுத்தான் படிப்பிக்க வேண்டும். அவளுக்கு மெஷின் என்றால் பைத்தியம். போன சிறுபோகத்தில் வயலுக்கு இறைக்கிற பம்ப் நின்றபோது, அப்பா கடைக்குக் கொண்டுபோக வெளிக்கிட முதலே கார்புரேட்டரைக் கழற்றி, பெற்றோல் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்பப் பூட்டி ஓடவிட்டாள். இஞ்சினியராக வேண்டுமாம். 'ரெக் (தொழில்நுட்பப் பிரிவு) எடுத்தாலும் இஞ்சினியர் ஆகலாம், ரெண்டும் ஒன்றுதான்' என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?

அறிவியல்நகர்வாசி:
ஒன்றில்லை தம்பி. யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இங்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் உள்ளே வருகிற வழி வேறு. பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவில் படிப்பவர்கள் பொறியியல் தொழில்நுட்பம் போன்ற தொழில்நுட்பப் பட்டத்துக்குத்தான் போகலாம். அதுவும் நல்ல பட்டம், வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்பக் கற்கைகள் பீடம் இருக்கிறது. ஆனால் பாடத்தை எடுத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்து 'பொறியியல் பீடத்துக்கு ஏன் கூப்பிடவில்லை' என்று கேட்டால் அங்கே பதில் இல்லை.

சுண்ணக்கட்டி:
நான் இரசாயனவியல் படிப்பிக்கிறேன், கொஞ்சம் நேராகவே சொல்கிறேன். ஓ.எல் கணிதத்தில் ஏ வந்ததை வைத்து இணைந்த கணிதத்தைக் கணக்குப்போட வேண்டாம், ஏ எடுத்த பிள்ளைகள்தான் முதலாம் தவணையில் வந்து அழுகிறார்கள். பீடத்தின் பெயரைப் பார்க்க முதல், அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்று பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று போய்க் கேளுங்கள். வன்னியில் எத்தனை பிள்ளைகளின் பாடத்தைத் தெரிவு செய்தது பிள்ளையோ தாய் தகப்பனோ இல்லை, ஆசிரியர் வெற்றிடம்தான். பெரியம்மா வீட்டில் விடுவதென்றால் ரியூஷன் காசையும் சேர்த்துப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியில் பாதிக்கு மேலான இடங்கள், 55 சதவீதம், மாவட்ட அடிப்படையில்தான் போகிறது. துணுக்காய் முல்லைத்தீவு மாவட்டம், கிளிநொச்சிக்கு மாறினால் எந்த மாவட்டத்தில் கணக்கெடுப்பார்கள் என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசித்துவிட்டு முடிவெடுங்கள், வாய்க்கதையை நம்பாதீர்கள்.

மின்வெட்டு:
ஏன் எல்லாரும் கம்பஸ் கம்பஸ் என்றே நிற்கிறீர்கள்? நான் உயர்தரத்தில் கணிதம் படித்து இரண்டு பாடம் ஊத்திக்கொண்டவன். பிறகு கிளிநொச்சியில் ஜேர்மன் ரெக் என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) முடித்தேன், இப்போது கொழும்பில் வேலை. பம்ப் கழற்றுகிற பிள்ளைக்கு அதுவும் நல்ல இடம்தான். என்விகியூ 4இல் நின்றுவிடாமல் 5, 6 என்று ஏறி, தொழில்சார் பல்கலைக்கழகத்தில் பட்டமும் எடுக்கலாம்.

சுண்ணக்கட்டி:
அது சரிதான் தம்பி, ஆனால் கணிதம் படிக்கக்கூடிய பிள்ளைக்கு அந்த வாசலை முதலிலேயே நாங்கள் பூட்டிவிடக்கூடாது. உயர்தரம் சரிவராவிட்டால் என்விகியூவுக்குப் பிறகும் போகலாம், திரும்பி வருவதுதான் கஷ்டம்.

மின்வெட்டு:
சேர், அந்த இரண்டு வருஷத்தையும் ரியூஷன் காசையும் யார் திருப்பித் தருவது?

குளக்கட்டு:
எல்லாருக்கும் நன்றி. தங்கச்சியிடம் வாசித்துக் காட்டினேன். கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன், கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார், இரசாயனத்துக்குத்தான் ஆள் மாற்றலாகிப் போய்விட்டாராம், எப்போது வருவார் என்று தெரியாதாம். இரசாயனத்துக்குப் பதிலாக ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுக்கலாம் என்கிறார்கள், எடுக்கலாமா?

அறிவியல்நகர்வாசி:
எடுத்தால் பொறியியல் பீடம் போய்விடும், கணினி போன்ற வேறு கற்கைகள்தான் மிஞ்சும். கம்ப்யூட்டரில் விருப்பமென்றால் அது வேறு கதை. நீங்கள் சொல்கிற பிள்ளை கார்புரேட்டர் கழற்றுகிறவள், இரசாயனத்தை விடாதீர்கள். ஆசிரியர் வரும்வரை ரியூஷனுக்கு விடுங்கள், முதல் தவணைச் சோதனைப் புள்ளி வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.