மழையில் துன்ஹிந்த: மகனின் கையைப் பிடித்த அந்த மூதாட்டி

கல்லடியிலிருந்து ஒரு தாய்

இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எழுதிவிட்டால் மனம் சற்று ஆறும் என்று நினைக்கிறேன். செங்கலடியில் திரும்பி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் பாதையை நீங்கள் அறிவீர்கள். ஆகவே பயணத்தை விவரிக்கவில்லை. டிசம்பர் விடுமுறை. நானும் கணவரும், அப்போது ஒன்பது வயதான மகனும், ஆறு வயது மகளும், மாமியும் போயிருந்தோம். பிபிலையில் தொடங்கிய தூறல் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் நுழைவாயில் வரை விடவில்லை. திரும்பிவிடுவோம் என்று மாமி சொன்னார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒன்றரைக் கிலோமீற்றர் நடைக்குப் பின்வாங்குவதா என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

பாதி வழியில் மழை ஓய்ந்தது. பதுளு ஓயா 64 மீற்றர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழுவதைப் பார்வை மேடையிலிருந்து கண்டபோது, அதுவரை முணுமுணுத்துக்கொண்டு வந்த மாமிகூடக் கைகூப்பிவிட்டார். திவலைகள் புகைபோல் எழுந்து எங்கள் முகத்தை நனைத்தன; சிங்களத்தில் அந்தப் பெயர் வந்ததே இந்தப் புகையால்தான் என்பார்கள். மேடையிலிருந்து இறங்கிப் பாறைகளுக்கு இடையே தேங்கியிருந்த தண்ணீரில் கால் நனைக்க வேண்டும் என்று மகன் கேட்டான். எச்சரிக்கைப் பலகையை நான் பார்த்திருந்தேன். குளிப்பதற்குத்தானே தடை, கால் நனைப்பதற்கு இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தலையசைத்தேன். அவனுக்குப் பின்னால் நானும் இறங்கினேன்.

அவன் பாறையில் குந்தியிருந்தபோது, மேலே வில்வம்பூக் குடிநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்கள மூதாட்டி, அந்த வயதில் எப்படி இறங்கினாரோ தெரியாது, ஓடிவந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பிள்ளை வலியில் அலறினான். "விடுங்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று தமிழில் கத்திக்கொண்டு அவர் பிடியிலிருந்து அவனைப் பறித்தேன். அவர் என்னோடு சண்டை போடவில்லை. தண்ணீரைக் காட்டி, "வத்துர எனவா, வத்துர எனவா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தெளிந்திருந்த நீரின் ஓரத்தில் தேயிலைச் சாயம்போல் ஒரு மெல்லிய கபில இழை ஓடிவந்ததையும், அதனோடு சருகும் சுள்ளியும் சுழன்றதையும் அப்போதுதான் கண்டேன். நாங்கள் மேடைக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது மகன் குந்தியிருந்த பாறை இல்லை. எத்தனை நிமிடம் என்று என்னால் சொல்ல முடியாது. மேடையில் மாமியோடு நின்ற மகளின் கையிலிருந்த அவித்த சோளன் அப்போதும் ஆறாமல் இருந்தது.

மகனின் மணிக்கட்டில் ஐந்து விரல்களும் சிவந்து பதிந்திருந்தன. வெள்ளத்தைப் பார்ப்பதற்கு முன் நான் அந்த அடையாளத்தைத்தான் பார்த்தேன், கோபத்தோடு பார்த்தேன். மழை மறுபடியும் பிடித்ததால் எல்லோரும் ஓடினோம். அவர் தன்னுடைய கேத்தலுக்கு மேல் படங்கை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.


சாய்ந்தமருதிலிருந்து ஒரு தகப்பன்

சகோதரி எழுதியதை வாசித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. எங்களுடையது தியலும. நம் வீட்டு வாசலைக் கடந்து போகும் அதே ஏ-4 நெடுஞ்சாலைதான் பொத்துவில், லாகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று போய் அந்த நீர்வீழ்ச்சியின் அடிவாரத்தையும் தொடுகிறது என்பதை வாப்பா வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். உயரம் 220 மீற்றர். இலங்கையில் பம்பரகந்தவுக்கு அடுத்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். இளையவர்கள் கேட்டார்கள் என்பதற்காகப் பூனாகலைப் பக்கமாகச் சுற்றிப் போய், மேலே இருக்கும் தடாகங்களுக்கு நடந்தோம்.

மழை பெரிதாக இல்லை. ஆனால் மேலே போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. நீரின் இரைச்சல் எல்லாப் பக்கமிருந்தும் கேட்டது. விளிம்பு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மகனின் கையைப் பிடித்திருந்த நான், கைபேசி நனைகிறதே என்று அதைச் சட்டைப்பைக்குள் வைப்பதற்காகக் கையை விட்டேன். திரும்பக் கையை நீட்டினால் அங்கே யாரும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரைச்சல் என் குரலை விழுங்கிவிட்டது. அப்போது வாப்பா, வாழ்நாளில் எங்களிடம் அதட்டிப் பேசாதவர், "எல்லோரும் இருந்த இடத்தில் குந்துங்கள், ஒருவரும் அசையக்கூடாது" என்று முழங்கினார். குந்தினோம். இரண்டு முழத் தூரத்திலிருந்து மகனின் அழுகை கேட்டது. வாப்பா சலவாத்து ஓதிக்கொண்டே தவழ்ந்து போய் அவனை மடியில் இருத்திக்கொண்டார். பனி விலகும் வரை ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நாங்கள் அந்த ஈரப் பாறையிலேயே இருந்தோம்.

அவன் இருந்தது விளிம்பின் பக்கம் அல்ல. அது பிறகுதான் தெரிந்தது. கையை நீட்டி வெறுமையைத் தொட்ட அந்தக் கணம் இப்போதும் தொழுகைக்கு நிற்கும்போதுகூட நினைவுக்கு வருகிறது. இன்னொன்று: வாப்பா செருப்பைக் கழற்றி வெறுங்காலோடுதான் நடந்தார்; ஈரப் பாறையில் அதுவே நல்ல பிடிமானம் என்பது அவருடைய அனுபவம்.


செங்கலடியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்

இருவரும் மனம் திறந்து எழுதியிருக்கிறீர்கள். ஆயினும் சில இடங்களில் நான் உடன்படவில்லை. மகள், 'பாதி வழியில் மழை ஓய்ந்தது' என்று நீங்கள் எழுதிய அந்த வரியில்தான் முழு ஆபத்தும் இருக்கிறது. உங்கள் தலைக்கு மேல்தான் மழை ஓய்ந்தது. துன்ஹிந்தவுக்கு வரும் நீர் பதுளை நகரையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் வடித்துக்கொண்டு வருகிறது. அங்கே ஒரு மணி நேரத்துக்கு முன் கொட்டிய மழை, நீங்கள் வெயில் காயும் நேரத்தில் உங்கள் காலடிக்கு வந்து சேரும். சாய்ந்தமருதுத் தம்பி, உங்கள் வாப்பா செய்தது பெரிய காரியம். ஆனால் வெறுங்கால் நடை எல்லோருக்கும் பொருந்தாது. பாசி படிந்த கல்லில் வெறுங்காலும் வழுக்கும்; அட்டைக்கும் அதுவே வாசல்.

என் கதை சிறியது. ஓய்வுபெற்ற ஆண்டில் என் மனைவி இறப்பர் செருப்போடு வர, நான் அதைக் கவனித்தும் ஒன்றும் சொல்லாமல் நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும் வழியில் வழுக்கி விழுந்து முழங்கை முறிந்தது. அவர் விழுந்த சத்தத்தைவிட, எழுந்திருக்க முடியாமல் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டதுதான் என்னை வாட்டுகிறது.

இனிப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நமக்கு மழை கொண்டுவரும் வடகீழ்ப் பருவக்காற்று, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, பதுளை இருக்கும் ஊவா மாகாணத்தின் கிழக்குச் சரிவுகளையும் நனைக்கிறது; ஆகவே இங்கே குளங்கள் நிரம்பி வான் பாயும் நாட்களில் அங்கேயும் ஓயாக்கள் நிறைந்திருக்கும். ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் காலை வெளித்திருக்கும், பிற்பகலில் இடியோடு கொட்டும். காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கி நண்பகலுக்குள் வாகனத்துக்குத் திரும்பிவிடுங்கள். நீர் கலங்கினால், சருகு மிதந்தால், இரைச்சலின் தொனி மாறினால், காரணம் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். பிள்ளைக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நடக்க வேண்டும். அடியில் வெட்டுள்ள சப்பாத்தும் நீளக் காலுறையும் அணிந்து, காலுறைக்கு மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் அட்டை ஏறுவது குறையும். கடித்த அட்டையைப் பிய்த்து எடுக்காதீர்கள், நகத்தால் மெல்ல வழித்துவிடுங்கள். இரத்தம் உறையாதபடி அது ஒரு பொருளைச் சுரப்பதால் சற்று நேரம் கசியும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பாதையையும் மறக்கக்கூடாது. தியலுமவுக்கு அண்மையிலுள்ள கொஸ்லந்தைக்கு அருகில்தான், 2014 ஒக்டோபர் 29 காலையில், மீரியபெத்த தோட்டத்து லயன்கள் மக்களோடு மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையிலும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து உயிர்கள் போயின. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அறிவித்தல்களை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேசவாரியாக வெளியிடுகிறது. நீங்கள் போகும் பிரதேசத்துக்கு மஞ்சள் என்றாலே பயணத்தை ஒத்திவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் அம்புலன்ஸ் சேவையின் 1990ஐயும் குடும்பத்தில் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.


களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை

ஐயா சொன்னவை யாவும் பயனுள்ளவை. இருந்தாலும், மழைக்காலத்தில் போகவே கூடாது என்ற எண்ணம் வாசிப்பவர்களுக்கு வந்துவிடக்கூடாது. ஓகஸ்டில் நாங்கள் அங்கே போனபோது நீர் மெலிந்து பாறைதான் தெரிந்தது. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சலித்துவிட்டார்கள். மலை இல்லாத ஊர்க்காரர்களாகிய நமக்கு நீர் விழுவதைப் பார்க்கும் ஆசை இயல்பானது. என் சிறுவயதில் எங்கள் நீர்வீழ்ச்சி உன்னிச்சைக் குளத்தின் வான்தான். மாரியில் குளம் வான் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் அப்பா என்னைத் துவிச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு முறை, வானுக்கு மேல் நீரோடு வந்த ஒரு கன்றுக்குட்டி, விழுவதற்கு முன் தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது. அப்பா என் கண்ணைப் பொத்தினார். ஆனால் சற்றுப் பிந்திவிட்டார். அந்தப் பார்வையினால்தான் இன்றும் நான் நீருக்கு அருகில் போனால் இரண்டு அடி தள்ளியே நிற்கிறேன். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேடையில் நின்று பார்ப்பது போதும்.


மீண்டும் கல்லடியிலிருந்து

ஐயா, கோபமில்லை, நீங்கள் சொன்ன வரியை நானும் பல முறை நினைத்திருக்கிறேன். மாமிக்கு அன்று நல்ல சப்பாத்துத்தான். செருப்போடு போனவள் நான்.

மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பாடசாலையில் சிங்களம் படிக்கிறான். சென்ற வாரம், "அம்மா, அந்த ஆச்சி தண்ணீர் வருகிறது என்றுதானே சொன்னவர்? நீங்கள் ஏன் அவரை ஏசினீர்கள்?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் பதுளையில் ஒரு திருமண வீடு இருக்கிறது. மழையில்லாவிட்டால் காலையிலேயே துன்ஹிந்தவுக்குப் போவோம். மாமி எள்ளுருண்டை பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் அந்தப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்: மேடைக்கு முந்திய கடைசிக் கடை, நீலப் படங்கு, மெலிந்த உருவம், நெற்றியில் பழைய தழும்பு ஒன்று. அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா?