மனப்பாடத் தேர்வை எங்கிருந்து மாற்றுவது?

கேள்வி:
பதினாறு வருஷமா எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் கமா தப்பாமல் எழுதுவார்கள். போன மாசம் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: "செடியைப் பத்து நாள் இருட்டறையில் வைத்தால் என்ன ஆகும்?" பாதிப் பேர் வெறும் தாளை நீட்டினார்கள். ஒருத்தி மட்டும், "தண்டு நெட்டையா வளரும், வெளுத்துப்போகும். பீரோவுக்குப் பின்னால் உருண்டுபோன உருளைக்கிழங்கில் பார்த்தேன்" என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்புப்படி அவளுக்கு அரை மார்க்குதான்! வளரும் நாடுகளில் இதை எங்கே தொடங்குவது?

பதில் 1:
கென்யாவில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை 2023ஓடு நிறுத்திவிட்டார்கள் சார். செய்முறைக்குப் பொருள் வாங்கிக் கொடுத்தே கை கடிக்கிறது என்று அங்கே பெற்றோர் புலம்பல்.

பதில் 2:
முதலில் விடைக்குறிப்பை மாற்றுங்கள். வினாத்தாளில் பத்துக்கு மூன்று கேள்வி இந்த மாதிரி இருந்தால் போதும். ஒரேயடியா மாற்றினால் அதற்கும் கைடு போட்டுவிடுவார்கள்.

கேட்டவர்:
கைடே வேண்டாம்! மறுதேர்வில் அதே கேள்வியைக் கேட்டேன். பதினொரு பேர் அவள் விடையை அப்படியே எழுதியிருக்கிறார்கள், பீரோ, உருளைக்கிழங்கு உட்பட.