மறு: வாட்டர் பம்பின் அடியில் இருக்கிற ஓட்டைக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு வரியில் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர், எஞ்சினின் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிற கூலண்டுக்குத் தமிழ் தேடிப் போய்விட்டீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன். ‘குளிர்நீர்’ வேண்டாம். எஞ்சின் ஓடும்போது தொண்ணூறு டிகிரியில் நிற்கிற ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தால், படிக்கிற பிள்ளை நம்பி மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்ளும். ‘குளிரூட்டி’ என்றால் எல்லாருக்கும் ஏ.சி. பிள்ளைகளுக்காக நான் எழுதுகிற வண்டிக் கையேட்டில் இப்போதைக்குக் கூலண்ட் என்றே போட்டிருக்கிறேன்.

நான் கேட்டது, கூலண்டை எஞ்சினுக்குள் சுற்றவிடுகிற வாட்டர் பம்பின் அடிவயிற்றில், பென்சில் முனை நுழையும் அளவுக்கு இருக்கிற வீப் ஹோலைப் (weep hole, ‘அழுகிற ஓட்டை’) பற்றி.

> ‘அழுதுளை’ என்று வைக்கலாமே. நேரான மொழிபெயர்ப்பு.

நேரானதுதான். ஆனால் சேர்த்து எழுதினால் ‘அழுது உளை’ என்றும் பிரியும். வண்டிக்காரன் கதி சில நாள் அதுவும்தான் என்றாலும், கலைச்சொல்லுக்கு அது ஆகாது.

> ‘கசிவுத்துளை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

என்னிடம் 1996 மாடல் டீசல் ஜீப் ஒன்று உண்டு. போன வருஷம் அது இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தது. ராத்திரி அடியில் அட்டை விரித்து வைத்துப் பார்த்தேன். காலையில் அட்டை காய்ந்து கிடக்கும். ஓஸ் மாற்றினேன், கிளிப்பு மாற்றினேன், ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். கேஸ்கட் போய்த் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே இறங்குகிறதோ என்று ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுக்கவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது பாதி வழியில் எஞ்சின் சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி, ஆறும்வரை முக்கால் மணி நேரம் குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு மேஸ்திரி பானெட்டைத் தூக்கியதும் எஞ்சினைப் பார்க்கவில்லை, பானெட்டின் உள்பக்கத்தைப் பார்த்தார். ஃபேனுக்கு நேர் மேலே பச்சையும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக ஒரு வளையம். “உப்புப் பூத்திருக்கு பாருங்க. ஃபேன்தான் வாரி அடிக்கி. ஓடுத வண்டியிலதான் ஒழுக்கு, அட்டையில எப்படி விழும்?” என்றார். எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் போட்டிருந்த 13 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரைக்குமே காற்று அடித்தார், அதற்கு மேல் ஏற்றினால் நல்ல இடமும் பிய்த்துக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் முள் ஒன்பதுக்கு இறங்கியது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துத் தேடினால், ஃபேன் புல்லியின் பின்னால், தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு சொட்டு. ஃபேனைப் பிடித்து ஆட்டினார். பல் ஆடுகிற மாதிரி ஆடியது.

பம்பைக் கழற்றிக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது, ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. “அண்ணாச்சி, எவனோ எம்சீல் வச்சு அடச்சிருக்கான். போவ வழியில்லாம பேரிங்குக்குள்ள தண்ணி போயிருக்கு, பாத்துக்கிடுங்க.”

பம்பின் உள்ளமைப்பு அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டின் ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம், மறுமுனையில் புல்லி, நடுவே பேரிங். தண்ணீருக்கும் பேரிங்குக்கும் இடையில் ஒரு சீல். சீலின் இரண்டு முகமும் உரசித் தேயாமல் இருக்க, மெல்லிய கூலண்ட் படலம் நடுவில் ஓடியே ஆக வேண்டும். அதில் கொஞ்சம் தாண்டி வரும். தாண்டி வந்தது பேரிங்கின் கிரீசைக் கழுவிவிடாமல் வெளியே போவதற்காகத்தான், சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் அந்த ஓட்டை. அதன் வாயில் காய்ந்த கறை லேசாக இருந்தால் கவலை வேண்டாம். கோடு இழுத்துச் சொட்ட ஆரம்பித்தால் சீல் தேய்ந்துவிட்டது, பம்பை மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு வர வேண்டிய அந்தச் சேதியைத்தான் யாரோ அடைத்துவிட்டார்கள்.

புதுப் பம்பு போட்டு, பழைய பேக்கிங் தாளைச் சுரண்டி எடுத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றினோம். ராதாபுரம் பக்கம் போனால் போர்த் தண்ணீரை அப்படியே ஊற்றுகிற பழக்கம் எனக்கு இருந்தது. ரேடியேட்டர் குழாய்களில் உப்புக் கட்டியிருந்ததை மேஸ்திரி காட்டினார், அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது சொல்லுக்கு வருவோம். கசிவு என்றாலே கோளாறு என்றுதான் நம் காதில் விழும். கசிவுத்துளை என்று எழுதிவைத்தால், கசிகிற துளைதானே, அடைத்துவிடுவோம் என்று தோன்றுவது இயல்பு. என் ஜீப்பில் அடைத்தவர் கெட்டவர் அல்லர். ‘பொசிதுளை’க்கும் அதே ஆபத்து உண்டு.

என் யோசனை: வடிகண்.

வடிதல் என்றால், போக வேண்டியது போவது. சோறு வடிக்கும்போது கஞ்சி இறங்குவதை ஒழுக்கு என்று எந்த ஆச்சியும் சொல்லமாட்டாள். கண் என்பது சின்னத் திறப்பு: ஊற்றுக்கண், வலைக்கண், மதகுக்கண். ஆங்கிலச் சொல்லின் அழுகையும் விட்டுப்போகவில்லை. நாம் கண்ணீர் வடிக்கிறவர்கள்தானே.

---

வள்ளியூரிலிருந்து:

தம்பி, நான் சிவில். மலைப்பாதைத் தடுப்புச் சுவர்களில் வரிசையாகக் குழாய் நீட்டிக்கொண்டிருக்குமே, அதற்கும் வீப் ஹோல் என்றுதான் பெயர். சுவருக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கிச் சுவரைத் தள்ளாமல் இருக்க வைப்பது. சுவரில் அழுக்கு வழிகிறது என்று சிமெண்டு வைத்து அடைத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். வடிகண் எங்களுக்கும் பொருந்தும். எடுத்துக்கொள்கிறேன்.

---

அம்பாசமுத்திரத்திலிருந்து:

சொல் நல்லாத்தான் இருக்கு. ஆனால் இலக்கியத்தில் ‘வடிக்கண்’ என்றால் மாவடுவைப் பிளந்தது போன்ற கண், தலைவியின் கண். ஒரு ‘க்’ தவறினால் உம்ம பம்பு நாயகியாகிவிடும் ஓய். குளத்துக்காரர்களிடம் ‘தூம்பு’ இருக்கிறதே, அதைப் பார்த்தீரா?

---

அண்ணாச்சி, தூம்பை நானும் நினைத்தேன். ஆனால் அது நாம் வேண்டும்போது திறந்து வேண்டாதபோது அடைக்கிற மடை. அடைக்கவே கூடாத ஒன்றுக்கு அந்தப் பெயர் சரிவராது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற ‘மறுகால்’ என்ற சொல்லை வேறு இடத்துக்கு வைத்திருக்கிறேன். அழுத்தம் மிஞ்சினால் ரேடியேட்டர் மூடி வழியாகப் பக்கத்து டப்பாவுக்குத் தண்ணீர் போகிறதே, அந்தக் குழாய்க்கு. எஞ்சின் ஆறினால் அதே தண்ணீர் திரும்ப உள்ளே வந்துவிடும். எந்தக் குளத்து மறுகாலும் அப்படித் திரும்பாது என்று நீங்கள் சொல்லப்போவது தெரியும். அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

வடிகண் வினைத்தொகை, ஒற்று மிகாது. பிள்ளைகள் ஒற்றுப் போட்டு எழுதினால் திருத்திக்கொள்ளலாம்.

கையேட்டில் இப்படிப் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

வடிகண்: வாட்டர் பம்பின் சீலைத் தாண்டி வருகிற கூலண்ட், பேரிங்கைத் தொடாமல் வெளியேறுவதற்கான துளை. அடைக்கக் கூடாது. சொட்டினால் பம்பைப் பார்க்கவும்.