அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) புது சூப்பர்வைசர்: 60 பெண்களோடு எப்படிப் பழகுவது?

நாகர்கோவில்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் தொலி (பருப்பு மேல இருக்கிற மெல்லிய தோல்) உரிக்கிற பிரிவுக்கு சூப்பர்வைசரா வர்ற திங்கள்கிழமை சேரப்போறேன். வயசு 24, படிச்சது பி.காம். பிரிவில் 60 பேர், எல்லாரும் பெண்கள். பாதிப் பேருக்கு எங்க அம்மா வயசு இருக்கும்; 20 வருஷமா அதே பெஞ்சில் இருக்கிறவங்களும் உண்டு. கூலி கிலோ கணக்கு. உரிக்கிறப்ப பருப்பு உடைசல் கூடிட்டே போகுது, கண்டிப்பா இருக்கணும்னு முதலாளி சொல்லி அனுப்பியிருக்கார். வந்த உடனே கண்டிச்சா பகை வரும், சும்மா இருந்தா வேலை நடக்காது. எங்கிருந்து தொடங்கணும்? அவங்களை எப்படிக் கூப்பிடணும்?

போர்மாக்காரர்:

தம்பி, உடைசலுக்குக் காரணம் பெஞ்சில்தான் இருக்குன்னு முடிவு பண்ணிட்டு உள்ளே போகாதீங்க. பல நாள் அது போர்மாவில், அதாவது பருப்பைக் காய வைக்கிற சூட்டறையில் இருக்கும். தோடு (கெட்டியான வெளி ஓடு) உடைச்ச பருப்பு 70 டிகிரிச் சூட்டில் ஆறேழு மணி நேரம் காயணும், ஈரம் 5 சதவீதத்துக்குக் கீழே வரணும். அப்போதான் தொலி சுருங்கிப் பருப்பை விட்டுக் கழலும். சூட்டுக்குப் பக்கத்துத் தட்டையும் தள்ளியிருக்கிற தட்டையும் நடுவில் இடம் மாத்தலைன்னா ஒரே லோடில் பாதி கருகும், பாதி பச்சையா நிற்கும். கருகினது கை பட்டாலே பிளக்கும். பச்சையா நிற்கிறதில் தொலி ஒட்டிக்கிடும், கத்தியால் சுரண்டினா முனை போயிடும். ரெண்டிலும் உரிக்கிறவங்க குற்றம் ஒண்ணுமில்லை.

அதனால் தினமும் காலையில் பருப்பு பெஞ்சுக்குப் போறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தட்டிலிருந்தும் நாலைஞ்சு பருப்பை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்க. தொலி சட்டை மாதிரி கழன்று வந்தா சரி. பொடிப்பொடியா உதிர்ந்து கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நின்னா, அந்தத் தட்டைத் திருப்பி அனுப்புங்க. நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த மாசங்களில் காய்ஞ்ச பருப்பை ராத்திரி மூடாமல் போட்டா ஈரக்காத்தைக் குடிச்சு, காலையில் தொலி மறுபடி பிடிச்சிருக்கும். மோசமான லோடை நீங்களே திருப்பி அனுப்புறதை அவங்க ஒரு தடவை பார்த்தாப் போதும், அதுக்குப் பிறகு நீங்க உடைசலைப் பத்திப் பேசினா காது கொடுப்பாங்க. உடைசல் கணக்கையும் ஆள் வாரியா மட்டும் எழுதாதீங்க. எந்த நாள், எந்த லோடுன்னும் சேர்த்து எழுதுங்க. ஒரே லோடில் 60 பேருக்கும் கூடியிருந்தா அது போர்மா. ஒரே ஆளுக்கு மட்டும் எல்லா லோடிலும் கூடினா, அவங்க கத்தியையும் உட்கார்ற இடத்து வெளிச்சத்தையும் முதலில் பாருங்க. கண்ணாடி மாத்தவேண்டியதா இருக்கலாம். அதைத் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க, பெஞ்சில் வச்சுக் கேட்காதீங்க.

அடுத்தது தராசு. எல்லா உறவும் முறியுற இடம் அதுதான். பாத்திரம் எல்லாம் ஒரே எடை கிடையாது; 50 கிராம் வித்தியாசம் சாதாரணம். ஒரு நாளைக்கு ஆறு தடவை நிறுத்தா 300 கிராம், 25 நாளில் ஏழரைக் கிலோ. அந்தக் கூலி அவங்க கையிலிருந்து போகுது. பாத்திரத்தை ஒவ்வொரு தடவையும் வச்சுப் பூஜ்யம் ஆக்கிட்டு நிறுங்க. திரை அவங்க பக்கம் திரும்பியிருக்கட்டும். எடையைச் சத்தமா வாசிச்சு, அவங்க சொந்த நோட்டிலும் அங்கேயே எழுதிக் கொடுங்க. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் அரசு முத்திரை போடணும். தேதி தாண்டியிருந்தா முதல் வாரமே முதலாளிகிட்டச் சொல்லுங்க.

சாயந்தரம் உரிச்ச முழுப்பருப்பு, உடைசல், தொலி ஒட்டினது, தொலிக் கழிவு நாலையும் தனித்தனியா நிறுத்துக் கூட்டுங்க. காலையில் கொடுத்த எடையோடு சரியா வரலைன்னா, ஃபேன் காத்தில் தொலி பறந்ததா, வாரி எடுக்கிறப்ப சிந்தினதான்னு பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கணும். "எடுத்திருப்பீங்க"ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா திருப்பி எடுக்க முடியாது. பை சோதனை இருக்கிற ஆலைன்னா, சோதிக்கிறது பெண்ணா இருக்கணும். உங்க பையும் அதே வரிசையில் போகணும்.

தக்கலை_பி.எஃப்:

எடையைப் பத்தி மேலே அண்ணன் சொல்லிட்டார். நான் வருகைப் பதிவேட்டைச் சொல்றேன், ஏன்னா புதுசா வர்றவங்க அதை லேசா நினைப்பாங்க. ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீட்டில்) ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொண்ணு. அந்த ஆறு மாசத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு போயிருந்தாத்தான், அதுக்குப் பிறகு வர்ற பலன் காலத்தில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும்: கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. தோட்டண்டி (தோடு உடைக்காத முந்திரிக்கொட்டை) வரத்து நின்னா ஆலையும் நிற்கும், அதனால் பல பேர் 78 பக்கத்திலேயே தொங்கிட்டு இருப்பாங்க. நீங்க மறந்து விட்ட ஒரு நாள், ஒருத்தருக்கு ஆபரேஷன் சமயத்துப் பணத்தை இல்லாமல் ஆக்கிடும். ஆகஸ்டு கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் யாருக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு எண்ணி, குறைவா இருக்கிறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லுங்க. பி.எஃப். பதிவில் ஆதார் பேருக்கும் ஆலைப் பேருக்கும் எழுத்து வித்தியாசம் இருந்தா அதையும் இப்பவே திருத்திக் கொடுங்க. பணம் எடுக்கப் போற நாளில்தான் அந்தத் தப்பு தெரியவரும், அப்போ அலைச்சல் அவங்களுக்கு.

விளவங்கோடு_அக்கா:

எப்படிக் கூப்பிடணும்னு கேட்டீங்க தம்பி. வயசில் மூத்தவங்களை அக்கா, ரொம்ப மூத்தவங்களை அம்மா. பேரைச் சேர்த்துச் சொல்லுங்க. "ஏய், அந்த மூணாவது பெஞ்சு"ன்னு ஒருநாளும் வேண்டாம். 60 பேரையும் பத்து நாளில் படிக்கலாம்: பெஞ்சு வரிசையைப் படமா வரைஞ்சு, நாளுக்கு ஆறு பேர். அவங்க உங்களை சார்னு கூப்பிட்டா கூப்பிடட்டும், வேண்டாம்னு தடுத்து ஒரு காட்சி ஆக்காதீங்க.

ஊரு எது, வீட்டுப் பேரு எது, எந்தச் சர்ச், எந்தக் கோயில்னு பழக்கம் காட்டுறதுக்காகக் கேட்காதீங்க. நம்ம மாவட்டத்தில் அது ஜாதி கேட்கிறதாத்தான் காதில் விழும். எந்த பஸ்ஸில் வர்றீங்க, கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேளுங்க. அது உங்க வேலைக்கும் உதவும்: பெண்களுக்குக் காசு வாங்காத டவுன் பஸ்ஸை விட்டுட்டா அடுத்ததுக்கு நிற்கணும், இல்லன்னா ஆட்டோவுக்குக் கொடுக்கணும். பஸ்ஸுக்கு 15 நிமிஷம் முன்னாடி தராசு வேலை முடியணும். வரிசையை முதலில் பஸ் பிடிக்கிறவங்களிலிருந்து தொடங்குங்க.

அவங்க பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். புரியலைன்னா திருப்பிக் கேளுங்க, அதே மாதிரி பேசிக் காட்டாதீங்க. மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருநாள், ரம்ஸான், ஓணம், கிறிஸ்துமஸ் எல்லாத்தையும் மாசத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, யாருக்கு எந்த நாள் லீவு வேணும்னு பெயர் வாங்கிடுங்க. கடைசி நாளில் கேட்டா ஒருத்தருக்குக் கொடுத்து இன்னொருத்தருக்கு மறுக்கவேண்டி வரும், அதை மறக்கமாட்டாங்க.

நாகர்கோவில்_புதுசு:

ரொம்ப நன்றி. ஒண்ணு மட்டும் கேட்கட்டா? அங்கே ஒரு அக்கா சொன்னாத்தான் மத்தவங்க கேட்பாங்களாம். அவங்களை எப்படிக் கையாளுறது?

போர்மாக்காரர்:

கையாள நினைக்கவேண்டாம். முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் அவங்க பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கக் கத்துக்குங்க. எந்த இடத்தில் கத்தி வைக்கணும், எப்போ விரலே போதும்னு அவங்க கை சொல்லித்தரும். தரம் பிரிக்கிறவங்ககிட்டயும் அதே மாதிரி உட்காருங்க. டபிள்யூ 240, டபிள்யூ 320ங்கிற முழுப்பருப்புத் தரம்னா என்னன்னு கண்ணால் தெரியணும். 320 தரம்னா ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு 300 முதல் 320 பருப்பு. சந்தேகம் வந்தா வாக்குவாதம் வேண்டாம், அவங்க முன்னாடியே நிறுத்து எண்ணிப் பாருங்க. புது விதி ஏதாவது கொண்டுவரணும்னா முந்தின நாள் அந்த அக்காகிட்டச் சொல்லி, இதில் என்ன இடிக்கும்னு கேளுங்க. ஆனா நல்ல பருப்புத் தட்டையோ வெளிச்சமான இடத்தையோ அவங்களுக்குன்னு ஒதுக்கிடாதீங்க. தட்டு கொடுக்கிற வரிசை தினம் ஒரு பெஞ்சு தள்ளி மாறட்டும், அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்க.

விளவங்கோடு_அக்கா:

முன்பணம் கேட்டு வருவாங்க, அதையும் சொல்லிடறேன். உங்க சட்டைப் பையிலிருந்து யாருக்கும் கொடுக்காதீங்க. ஒருத்தருக்குக் கொடுத்தா மறுநாள் பத்துப் பேர் வருவாங்க, திருப்பிக் கேட்கும்போது முகம் மாறும். ஆலைக் கணக்கில் முன்பணம் உண்டா, எவ்வளவு வரை, எத்தனை தவணையில் பிடிப்பாங்கன்னு சேர்ற அன்னைக்கே கணக்குப்பிள்ளைகிட்டக் கேட்டு வச்சுக்குங்க. சனிக்கிழமை கூலின்னா சனிக்கிழமையே கைக்கு வரணும். குழுக் கடன் தவணை அடைக்கிறது அந்தக் காசில்தான்.