லீன் பண்றதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். சின்ன பிஸ்டன் விமானம் ஓட்டப் படிக்கிற பசங்களுக்காக எரிபொருள் சிக்கனம் பத்தி ஒரு பாடக்குறிப்பு மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கேன், வியாழக்கிழமை கொடுத்தாகணும். மிக்சரை, அதாவது காத்தும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை, லீன் பண்றதுங்கிற எடத்துல மாட்டிக்கிட்டேன். மேல ஏற ஏற காத்து லேசாயிடும், ஆனா கார்புரேட்டர் பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது, அதனால பெட்ரோல் பங்கு கூடிப்போய் வீணாகும், சிவப்புக் குமிழை வெளிய இழுத்து நாமதான் குறைக்கணும். இப்படிப் பெட்ரோலைக் குறைக்கிற லீனுக்கு ஒரு சொல், கூட்டுற ரிச்சுக்கு ஒரு சொல் வேணும். "வறிய கலவை"ன்னு எழுதிப் பாத்தேன், பஞ்சம் வந்த மாதிரி இருக்கு.

---

தம்பி, சொல் நம்ம இலக்கணத்துலயே இருக்கே. பாட்டுல ஓசைக்காகச் சொல்லை மாத்துற செய்யுள் விகாரம் ஒன்பதுல வலித்தல், மெலித்தல். தட்டை தண்டைன்னு ஆகுறது மெலித்தல், வல்லெழுத்து மெல்லெழுத்தா மாறுது. அதே மாதிரி லீன் பண்றது மெலித்தல், ரிச் பண்றது வலித்தல், ஜோடி கச்சிதமா அமையுது. அப்படியே விமானிங்கிறதையும் வலவன்னு மாத்திடுங்க, வலவன்னா ஓட்டுறவன், புறநானூற்றுல "வலவன் ஏவா வானவூர்தி" இருக்கு. வல், வன்மை, வல்லவன், வலம் எல்லாம் ஒரே வேர்தான்னு நான் பல வருஷமா சொல்லிட்டு வர்றேன்.

---

அய்யா, மெலித்தல் அருமை. வலித்தல் மட்டும் வேண்டவே வேண்டாம். துடுப்பு வலிக்கிறதுன்னா இழுக்கிறது. இங்க குமிழை இழுத்தா கலவை மெலியும், முழுசா இழுத்தா இன்ஜினே நின்னுடும். பதட்டத்துல இருக்கிற பையன் காதுல "வலி"ன்னு விழுந்தா அவன் கை எந்தப் பக்கம் போகும்னு யோசிச்சுப் பாருங்க. வலவனும் இதுல வேண்டாம், கேப்டன் உக்கார்றது இடப்பக்கம்.

நான் சொல்லிக் கொடுக்கிறப்போ குமிழை அரை அரைத் திருகா இடப்பக்கம் திருப்பி மெல்ல வெளிய எடுக்கச் சொல்வேன். எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டுற முள்ளு ஏறிக்கிட்டே போகும், ஒரு எடத்துல நிக்கும், இன்னும் திருப்பினா இறங்கும். அந்த நின்ன எடம்தான் உச்சம். நல்ல பவர் வேணும்னா உச்சத்துக்கு ஏறக்குறைய 100 டிகிரி ஃபாரன்ஹீட் முன்னாடியே நிறுத்தணும், சிக்கனம் வேணும்னா உச்சத்துலயோ அதைக் கொஞ்சம் தாண்டியோ. அதனால சொல்லுலயே பக்கம் தெரியணும். "உச்ச மெலிவு"ன்னு யாராச்சும் எழுதினா எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெலிக்கச் சொன்ன மாதிரி ஆயிடும். உச்சத்தைத் தாண்டின பக்கம் மெலிபுறம், தாண்டாத ரிச் பக்கம் செறிபுறம்னு வைக்கலாமா? அப்புறம், இதெல்லாம் க்ரூஸ்ல, அதாவது ஏறி முடிச்சு ஒரே மட்டத்துல பறக்கிறப்போ, பவரைக் குறைச்ச பிறகுதான்னு குறிப்புல கண்டிப்பா போடுங்க, முழு பவர்ல மெலிச்சா டெட்டனேஷன் (கலவை சீரா எரியாம வெடிக்கிறது) வந்து பிஸ்டன் போயிடும்.

---

லீன், ரிச்னே விடுங்க. குமிழ் பக்கத்துல எழுதியிருக்கிறதே அதுதான். பையன் ரெண்டு மொழியையும் மனசுக்குள்ள மாத்திக்கிட்டு இருக்கிற நேரத்துல இன்ஜின் உதற ஆரம்பிச்சிடும். அட்லாண்டிக்கைத் தனியாப் பறந்து கடந்த லிண்ட்பெர்க், 1944ல பசிபிக்ல பி-38 போர் விமானம் ஓட்டுறவங்களுக்கு இன்ஜினை 1600 ஆர்பிஎம்ல மெதுவா சுத்தவிட்டு தூரத்தைக் கூட்டக் கத்துக்கொடுத்தாரு, அங்க வேலை செஞ்சது முறைதான், சொல்லு இல்ல.

---

குமிழ் பேரை அப்படியே விட்டுடுறேன், ஆனா விளக்கம் தமிழ்லதான் இருக்கணும்னு நினைக்கிறேன், ஏன்னா இதுல தமிழுக்கு ஒரு வசதி இருக்கு. பெட்ரோல் வழி அடைச்சு கலவை தானா மெலிஞ்சா அது மெலிதல், நாம செஞ்சா மெலித்தல். கோளாறு எது, செயல் எதுன்னு ஒத்தைத் த்-ல பிரிஞ்சிடுது. லீன்ல இது வராது. ரிச் பண்றதுக்கு வர்ற செறித்தல்தான் உறுத்துது, வாய்ல சொன்னா செரிமானம் மாதிரி கேக்கும். இருந்தாலும் நாளைக்கு அனுப்பணும், மெலித்தல், செறித்தல்னே போடுறேன்.

---

போடுங்க. ஆனா பக்கத்து சீட்டுலேர்ந்து ஏவுறப்போ என்ன சொல்றது? மெலிதலுக்கும் ஏவல் "மெலி", மெலித்தலுக்கும் "மெலி"தான். அந்த த் அங்க காணாமப் போயிடுதே.

---

அதுக்குத்தான் வலித்தலைத் திரும்ப யோசிங்கன்னு சொல்றேன் அம்மா.