புதுப்பிப்பு: வேலையை விட்டேன், சேலத்தில் பயிற்சித் தொழில் தொடங்கிவிட்டேன்

பெங்களூரு நிறுவன வேலையை விட்டுவிட்டுச் சேலத்தில் மேலாண்மைப் பயிற்சி தொடங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தொடங்கிவிட்டேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலர் கேட்ட பதிவு விவரம்: உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இணையத்தில் முற்றிலும் இலவசம், பணம் கேட்கும் தரகர்களிடம் போகாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை.

மேலாளர்கள்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். வருவதோ செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு பட்டறையில் கொடுத்த வெள்ளி, கூலி, சேதாரம் என எல்லாக் கணக்கும் அப்பாவின் நீள நோட்டில், அவருக்கு மட்டுமே புரியும் குறிகளில் இருந்தது. தொழிலை ஏற்கவேண்டிய மகளுக்கோ கேட்கத் தயக்கம். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதையே பல நாள் பேசினோம். ஒருநாள், "அப்பா, இந்தப் பக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டுவிட்டார். கொலுசைத் தராசில் வைத்தபடியே அப்பா விளக்க ஆரம்பித்தாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வருமானம் இன்னும் பழைய சம்பளத்தில் பாதியைத் தொடவில்லை. ஓராண்டுக் குடும்பச் செலவை ஒதுக்கிவிட்டு விலகுங்கள் என்று சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. அந்தப் பணத்தில்தான் வீடு நடக்கிறது. கட்டணம் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்து எழுதுகிறேன்.